மணிக்கட்டுப் புள்ளியும் குமட்டலும்: அக்குபிரஷர் ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங் கல்லூரி நூலகங்களில், உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷர் முறை பற்றிய ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. பிரசவ வலி, மாதவிடாய் வலி, கீமோதெரபி தரும் குமட்டல், டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்பு, முதியோரின் தூக்கமின்மை என்று தமிழ்நாட்டு எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள் விரும்பி எடுக்கும் தலைப்பு இது. மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், செலவு இல்லை, நர்ஸே செய்துவிடலாம். முடிவுரையும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: அக்குபிரஷர் பயனளித்தது. எந்த நோய்க்கு எந்த இடத்தை அழுத்தினாலும் பலன் என்றே வந்தால், ஆய்வு நடந்த விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அக்குபிரஷரைப் பற்றி நல்ல ஆய்வுகளே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கின்றன. அவற்றில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது உள் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் பி6 என்ற புள்ளி. சீன மருத்துவத்தில் அதற்கு நெய்குவான் என்று பெயர். குமட்டலுக்கும் வாந்திக்கும் அதை அழுத்துவது வழக்கம். கடல் பயணத்துக்கென்று விற்கும், உட்புறம் குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டை அழுத்துவதும் இதே இடத்தைத்தான். தவறுகளை விளக்க இந்த ஒரு புள்ளியே போதும்.

எதோடு ஒப்பிடுகிறோம்?

பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பேராசிரியராக இருந்தவர் ஜான் டண்டீ. 1988இல் அவரது குழு, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருந்த பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு குழு பி6 புள்ளியை அழுத்தியது. இன்னொரு குழு வலது முழங்கைக்கு அருகே, குமட்டலுக்குச் சம்பந்தமில்லாத ஓரிடத்தை அழுத்தியது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. நான்கு நாள் தொடர்ந்து குறிப்பெழுதச் சொன்னார்கள்.

தொல்லை தரும் அளவுக்குக் குமட்டல் இருந்தவர்கள், எதுவும் செய்யாத குழுவில் 119 பேரில் 67 பேர். பி6 குழுவில் 119 பேரில் 23 பேர். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் 56 சதவீதம் 19 சதவீதமாகக் குறைந்துவிட்டது; யாருக்கும் புல்லரிக்கும். ஆனால் முழங்கைக் குழுவில் 112 பேரில் 41 பேர், அதாவது ஏறத்தாழ 37 சதவீதம். தப்பான இடத்தை அழுத்தியே பாதித் தூரம் கடந்தாயிற்று. மீதிப் பாதிதான் புள்ளியின் கணக்கில் சேரும்.

முழங்கைக் குழு மட்டும் இல்லாதிருந்தால் மொத்தப் புகழும் பி6 புள்ளிக்கே போயிருக்கும். நம் ஆய்வேடுகளில் அந்தக் குழு பெரும்பாலும் இருப்பதில்லை. பலவற்றில் ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. ஒரே குழு, அழுத்துவதற்கு முன் ஒரு மதிப்பெண், அழுத்திய பின் ஒரு மதிப்பெண், நடுவே சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை, கடைசியில் 'இது தற்செயல் அல்ல' என்று காட்டும் பி மதிப்பு 0.001. கர்ப்பகாலக் குமட்டல் பெரும்பாலோருக்கு நான்கு, ஐந்து மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். மாதவிடாய் வலி முதல் நாள் உச்சத்துக்குப் போய் அடுத்தடுத்த நாட்களில் இறங்கும். வலி தாங்க முடியாதபோது ஆய்வில் சேர்பவருக்கு, அடுத்த அளவீட்டில் வலி குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இவை எல்லாம் அந்த 0.001க்குள் ஒளிந்திருக்கும்.

இரண்டு குழு வைத்தவர்களும் அடிக்கடி ஓரிடத்தில் வழுக்குகிறார்கள். அழுத்திய குழுவில் வலி 7இலிருந்து 4 ஆகிறது, மற்றக் குழுவில் 7இலிருந்து 5 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவுக்குத் தனியாக ஒரு டி-டெஸ்ட், இரண்டாவதற்குத் தனியாக ஒன்று. முதலாவதில் மாற்றம் 'குறிப்பிடத்தக்கது', இரண்டாவதில் 'குறிப்பிடத்தக்கதல்ல'. ஆகவே அக்குபிரஷர் வென்றது என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு குழுக்களையும் நேருக்கு நேர் நிறுத்தி, அந்த ஒரு மதிப்பெண் வித்தியாசம் தற்செயலா என்று பார்ப்பதுதான் கேள்வி. அதைக் கேட்காமலே ஏட்டைப் பைண்டு செய்துவிடுகிறார்கள்.

குழு பிரிப்பதிலும் கோளாறு உண்டு. இந்த வார்டு சோதனைக் குழு, அந்த வார்டு ஒப்பீட்டுக் குழு. அல்லது முதலில் வந்த 30 பேர் இங்கே, அடுத்த 30 பேர் அங்கே. வார்டுக்கு வார்டு டாக்டர் வேறு, மருந்து வேறு, கூட்டம் வேறு. மூடிய உறைகளில் சீட்டுப் போட்டு, நோயாளி ஒப்புக்கொண்ட பிறகு உறையைப் பிரிப்பதற்குச் செலவு ஒன்றும் அதிகமில்லை.

அழுத்திய கையே மதிப்பெண் கேட்கலாமா?

என் பார்வையில் மிகப் பெரிய தவறு இதுதான். நெரிசலான அரசு மருத்துவமனை வார்டில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஓர் இளம் மாணவி தினமும் வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துப் பக்குவமாக அழுத்துகிறாள். ஊர் விசாரிக்கிறாள், பிள்ளைகளை விசாரிக்கிறாள். பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "இப்போது எப்படி இருக்கிறது அம்மா?" என்று கேட்கிறாள். "கொஞ்சம் தேவலை சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். வராவிட்டால்தான் வியப்பு. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. கவனிப்பே ஓரளவு ஆறுதல் தந்திருக்கும். இவ்வளவு சிரமப்பட்ட பெண்ணின் மனம் நோகக் கூடாது என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கும். இரண்டையும் பிரித்தெடுக்க அந்தத் தாளில் வழியே இல்லை.

அழுத்துபவருக்கு எது உண்மைப் புள்ளி, எது போலி என்று தெரிந்திருப்பதைத் தவிர்ப்பது கடினம். மதிப்பெண் எடுப்பவருக்குத் தெரியாமல் வைப்பது எளிது. இன்னொரு மாணவியை அனுப்பினால் போதும். நோயாளி எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். வாந்தி எத்தனை முறை வந்தது, குமட்டல் நிற்கக் கூடுதலாக எத்தனை ஊசி போட வேண்டியிருந்தது என்பவற்றைக் கேஸ் ஷீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். அந்தத் தகவல் யாருடைய மனம் கோணுமோ என்று பார்ப்பதில்லை. ஒப்பீட்டுக் குழுவோடும் அதே அளவு நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று விரல், ஆனால் யாருடைய விரல்?

பி6 புள்ளியைக் கண்டுபிடிக்கும் விதம் இது. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் அளக்க வேண்டும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் இரண்டு தசைநாண்கள் புடைத்துத் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளம்தான் இடம். மூன்று விரல் என்பது நோயாளியின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள். அழுத்துபவர் தன் விரலை வைத்து அளந்தால் பருத்த கைக்காரருக்கு ஓரிடமும் ஒல்லியான கிழவிக்கு வேறிடமும் வந்து நிற்கும். சிலருக்கு அந்தத் தசைநாண்களில் ஒன்று பிறவியிலேயே இருக்காது. அவர்களிடம் என்ன செய்வது என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவைத்திருக்க வேண்டும்.

'மிதமான அழுத்தம்' என்று எழுதுவதும் போதாது. எத்தனை நிமிடம், ஒரு கையா இரு கையா, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதையெல்லாம் எழுத வேண்டும். சமையலறைத் தராசில் விரலை ஊன்றிப் பார்த்தால் ஒரே ஆள் காலையில் தரும் அழுத்தத்துக்கும் களைத்துப்போன மாலையில் தரும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு முள்ளிலேயே தெரிந்துவிடும். இதே புள்ளிகளில் ஊசி குத்தும் அக்குபங்சர் முறையின் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று ஸ்ட்ரிக்டா என்ற வழிகாட்டி இருக்கிறது, 2010இல் திருத்தப்பட்டது. ஊசிக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும் விரலுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஓரிடத்து முடிவை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்வது

செய்தி படிப்பவர்களும் கட்டுரை எழுதுபவர்களும் ஒருசேரச் செய்யும் தவறு இது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலில் பி6 தூண்டுதல் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2015இல் வந்தது. 59 ஆய்வுகள், 7667 பேர். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது குமட்டலின் வாய்ப்பு 0.68 மடங்கானது. இதைப் பார்த்து '32 சதவீதம் பேருக்குப் பலன்' என்று எழுதிவிடக் கூடாது. போலிக் குழுவில் 100 பேரில் 30 பேருக்குக் குமட்டல் வரும் என்றால் பி6 குழுவில் சுமார் 20 பேருக்கு வரும். ஆக, நூற்றுக்குப் பத்துப் பேர். மோசமில்லை, ஆனால் தலைப்புச் செய்தி தரும் பிரமிப்பு இதில் இல்லை. அந்த 59 ஆய்வுகளில் ஊசி, மின்தூண்டல், பட்டை, விரல் அழுத்தம் எல்லாம் கலந்திருந்தன. சான்றின் தரம் குறைவு என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அதே புள்ளி, அதே குமட்டல், ஆனால் காரணம் கீமோதெரபி. பிரிட்டனில் 500 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆங்கர் என்ற ஆய்வு 2013இல் வெளியானது. எல்லோருக்கும் வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகள் உண்டு. ஒரு குழுவுக்கு அழுத்தும் பட்டை, ஒரு குழுவுக்கு அழுத்தாத போலிப் பட்டை, ஒரு குழுவுக்கு மருந்து மட்டும். குழுக்களிடையே புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. பட்டை அணிந்தவர்களிடம் நேரில் பேசியபோது, போலி அணிந்தவர்களும் நன்மை கிடைத்ததாகச் சொன்னார்கள். இதற்கு முன்பே, 2007இல், மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 160 பேரிடம் விரல் அழுத்தத்தைச் சோதித்த அமெரிக்க ஆய்வில் மருந்து ஏற்றிய அன்றைய குமட்டல் குறையவில்லை, பின்வந்த நாட்களின் குமட்டல் குறைந்தது. பட்டையும் விரலும் ஒன்றல்ல, முதல் நாளும் மூன்றாம் நாளும் ஒன்றல்ல. 'புற்றுநோய்க் குமட்டலுக்கு அக்குபிரஷர் உதவுமா' என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகப் பதில் சொல்ல முடியாது.

மிச்சிகனில் சுசன்னா ஸிக் குழு நடத்தி 2016இல் வெளியான ஆய்வைத் தவறாகப் படிப்பது இன்னும் எளிது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் களைப்பு நீங்காத 288 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு உடலைத் தளர்த்தும் புள்ளிகளையும், ஒரு குழு உடலைத் தூண்டும் புள்ளிகளையும் ஆறு வாரம் வீட்டிலேயே தாமே அழுத்திக்கொண்டன. மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு. களைப்பு இயல்பு நிலைக்கு வந்தவர்கள் முறையே 66, 61, 31 சதவீதம். கடைசி எண்ணோடு மற்ற இரண்டையும் ஒப்பிட்டு மகிழ்வதற்கு முன் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நேரெதிர் நோக்கம் கொண்ட இரண்டு புள்ளித் தொகுதிகளும் களைப்பை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்திருக்கின்றன. போலிப் புள்ளிக் குழு இல்லாததால் புள்ளியின் பங்கு எவ்வளவு, தினமும் தனக்கென நேரம் ஒதுக்கியதன் பங்கு எவ்வளவு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தூக்கம் மட்டும் தளர்த்தும் புள்ளிக் குழுவில்தான் மேம்பட்டது. எனக்கு இந்த ஆய்வில் சுவையான இடம் அதுதான்.

கசந்த முடிவுகள் எங்கே போகின்றன?

ஆய்வாளர் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் 1998இல் ஒரு கணக்கெடுத்தார்கள். சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகளில் ஒன்றுகூடப் பாதகமான முடிவைச் சொல்லவில்லை. நடத்தியதெல்லாம் வென்றது என்பதைவிட, தோற்றது அச்சேறவில்லை என்பதே நம்பத் தகுந்தது. நம் ஊர் அலமாரிகளிலும் அதுவே நடக்கிறது. வேறுபாடு இல்லை என்று வந்தால் கைடு முகம் சுளிப்பார் என்று மாணவிக்கு ஒரு பயம். வேறோர் அளவுகோலை முன்னே கொண்டுவந்து ஏட்டை முடித்துவிடுகிறாள். இந்தியாவில் 2007 முதல் இயங்கும் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. இதற்குத்தான் இருக்கிறது. எதை அளக்கப் போகிறோம் என்பதை முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே அதில் பதிந்துவிட வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து ஆய்வு தொடங்கிய பிறகு பதிவு செய்ய அனுமதியும் இல்லை.

நோயாளியும் வீட்டாரும்

ஆய்வில் பட்டையோ விரலோ மருந்தோடு சேர்த்துத்தான் சோதிக்கப்பட்டது என்பது வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிடுகிறது. 'மருந்தே தேவையில்லை' என்பது மட்டும் மிஞ்சுகிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எவரிடமும், எந்த ஆய்வில் அப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். நெஞ்சுவலி வந்தால் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைக்க வேண்டும். கர்ப்பிணி எதைக் குடித்தாலும் வாந்தி எடுத்து, சிறுநீரும் குறைந்துவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கீமோதெரபியில், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்தவருக்கு அழுத்திய இடம் கன்றிப்போகும். மார்பக அறுவைக்குப் பிறகு வீங்கியிருக்கும் கை, டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (இரத்தக் குழாய் இணைப்பு) வைத்த கை இரண்டையும் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கணுக்கால் உட்புறப் புள்ளியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புள்ளியையும் மரபு மருத்துவர்களே தவிர்க்கச் சொல்கிறார்கள். இந்தச் சிக்கல்கள் இல்லாதவர் மணிக்கட்டுப் பட்டையை அணிந்து பார்ப்பதில் தவறில்லை. மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாம், டாக்டர் எழுதிய வாந்தி மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டே. பட்டை போட்டிருப்பதை வார்டு நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.