டெக்சாசில் சடங்கும் லைசென்சும் இல்லாத திருமணம்: சொத்தைத் தீர்மானிக்கும் தேதி

ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலே சட்டப்படி கணவன் மனைவி என்று அமெரிக்காவில் பலர் நம்புகிறார்கள். அப்படியொரு ஏழாண்டுக் கணக்கு எந்த மாநிலச் சட்டத்திலும் இல்லை.

சடங்கும் லைசென்சும் (அரசு தரும் திருமண அனுமதி) இல்லாத 'முறைசாராத் திருமணம்' செல்ல, டெக்சாஸ் குடும்பச் சட்டத்தின் 2.401ஆம் பிரிவு வேறு மூன்றைக் கேட்கிறது. இன்று முதல் நாம் தம்பதி என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் டெக்சாசிலேயே அப்படி வாழ வேண்டும். அங்கே பிறரிடமும் தம்பதி என்றே சொல்லிக்கொள்ள வேண்டும். 'அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்' என்ற பேச்சு ஒப்புதல் ஆகாது. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வேறு திருமண பந்தமும் இருக்கக் கூடாது. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, லைசென்ஸ் வாங்காமல் விட்ட நம்மவர்களுக்கும் இந்தப் பிரிவு கைகொடுக்கக்கூடும்.

சண்டை பெரும்பாலும் தேதியில்தான் வரும். ஒருவர் தன் பெயரில் மார்ச்சில் வீட்டுக்கு ஒப்பந்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமணம் ஜூனில் தொடங்கியது என்றால் வீடு அவருடைய தனிச்சொத்து. பிறகு சம்பளத்திலிருந்து கட்டிய தவணைக்கு ஈடு கேட்கலாமே தவிர, வீட்டில் பங்கு கேட்க முடியாது. ஜனவரியிலேயே தொடங்கியது என்று நிரூபித்து, முன்பணமும் அதற்குப் பிந்தைய சம்பளத்திலிருந்து போயிருந்தால், அதே வீடு கூட்டுச்சொத்து, அதாவது இருவருக்கும் உரியது.

பிரியும்போது கையில் இருப்பதெல்லாம் கூட்டுச்சொத்து என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பரம்பரைச் சொத்து, அன்பளிப்பு, முன்பே வாங்கியது ஆகியவை தனிச்சொத்துதான், ஆனால் அதைத் தெளிவான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அப்பா கொடுத்த பணத்தைச் சம்பளக் கணக்கில் போட்டுக் கலந்துவிட்டால் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள், ஸ்டேட்மென்ட்களைப் பத்திரப்படுத்துங்கள். தனிச்சொத்திலிருந்து வரும் வாடகை டெக்சாசில் கூட்டுச்சொத்து, கலிபோர்னியாவில் தனிச்சொத்து. கலிபோர்னியா கூட்டுச்சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும். டெக்சாஸ் நீதிபதி நியாயம் என்று படும் அளவில் பிரிப்பார், அது பாதியாக இருக்க வேண்டியதில்லை.

தேதியை உறுதிப்படுத்த எளிய வழி, இருவரும் அடையாள அட்டையோடு கவுண்டி கிளர்க் (மாவட்ட அளவில் பதிவுகளைக் கவனிக்கும் அதிகாரி) அலுவலகம் போய், முறைசாராத் திருமண அறிவிப்புப் படிவத்தில் சத்தியம் செய்து கையெழுத்திடுவது. ஒப்புக்கொண்ட நாளை அதில் எழுத வேண்டும், உண்மையென்றால் பழைய நாளையும் எழுதலாம். பதிவு இல்லையென்றால் வரி ரிட்டர்ன், இன்சூரன்ஸ் படிவம், வாடகை ஒப்பந்தம், சாட்சிகள் என்று தேட வேண்டிவரும். வருஷா வருஷம் 'சிங்கிள்' என்று வரி கட்டியவர் பிறகு திருமணம் என்று வாதிட்டால், எதிர்த் தரப்பு அந்த ரிட்டர்னைத்தான் முதலில் நீட்டும்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினால் இந்தத் திருமணம் முடியாது, முறையான விவாகரத்து வேண்டும். அது இல்லாமல் இன்னொருவரை மணந்தால் அந்தத் திருமணம் செல்லாமல் போகும். பதிவு செய்யாதவர்கள் பிரிந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால், ஒப்புதலே இருந்ததில்லை என்று சட்டம் அனுமானிக்கும். அதை மறுத்து நிரூபிக்கலாம், ஆனால் கடினம்.

கொலராடோ, அயோவா, கான்சஸ், மொன்டானா, ரோட் ஐலண்ட் போன்றவையும் இத்தகைய திருமணத்தை ஏற்கின்றன. பென்சில்வேனியா 2005 ஜனவரி 1க்குப் பின் தொடங்கியதை ஏற்பதில்லை. டெக்சாசில் முறையாக உருவான திருமணம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தாலும் செல்லும்.

திருமணமே வேண்டாம், சேர்ந்து மட்டும் வாழ்கிறோம் என்பவர்கள் அதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அப்படி வாழ்வதை முன்னிட்டுச் செய்யும் சொத்து ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் டெக்சாஸ் நீதிமன்றத்தில் எடுபடாது.