மியூசிக் அகாடமிக்குப் போகிறீர்களா? தனிக்கு எழுந்துகொள்ளாதீர்கள்

டிசம்பர் இசை சீசனில் முதல்முறையாகச் சென்னை மியூசிக் அகாடமிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, வருஷக்கணக்கில் அங்கே வருகிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. அவற்றில் தலையாயது, தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போவது.

மாலைக் கச்சேரி சுமார் இரண்டரை மணி நேரம். வர்ணம், சில கீர்த்தனைகள், அப்புறம் அன்றைய பிரதான உருப்படி. ஆலாபனை (வார்த்தையில்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (பாட்டின் ஒரு வரியைப் பலவிதமாகப் பாடுவது), ஸ்வரம் எல்லாம் முடிந்து பாடகர் மிருதங்கத்தின் பக்கம் தலையசைத்தாரோ இல்லையோ, அரங்கில் பலருக்கும் காபி ஞாபகம் வந்துவிடும். வரிசை வரிசையாக எழுந்து, முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியேறுவார்கள். வாசிக்கிறவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் வாசிக்க வேண்டும்.

தனி ஒன்றும் இடைவேளை இல்லை. மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ முதலில் மாறி மாறி வாசிக்கும். பிறகு ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), அரை, கால் என்று ஒவ்வொருவர் முறையும் சுருங்கிக்கொண்டே வரும், அதுதான் குறைப்பு. கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா என்ற முடிப்பை வாசித்து, கோர்வை என்ற கணக்கான முத்தாய்ப்புக்குப் போவார்கள். கோர்வை மூன்று தடவை சுற்றி, பாட்டின் எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து விழும். அது தாளத்தில் எங்கே இருந்தாலும், பாடகர் அதே இடத்தில் பல்லவியைப் பிடிப்பார். கணக்குத் தெரியாவிட்டால் பாடகரின் கையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், போதும். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு 1966-இல் சங்கீத கலாநிதி விருது கொடுத்த மேடை இது. அங்கே லய வாத்தியத்துக்கு முதுகைக் காட்டுவது எனக்குப் பொறுக்காத விஷயம். சீக்கிரம் கிளம்பியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பாட்டுக்கு நடுவே, கைதட்டல் நடக்கும்போது எழுந்துகொள்ளலாம். உள்ளே வருகிறவர்களுக்கும் அதுதான் நேரம்.

வயலினுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். பாடகரின் ஆலாபனை முடிந்து வயலின்காரர் வில்லை எடுத்ததும் பக்கத்து சீட்டுகளில் பேச்சு தொடங்கும். ராகம் எது என்ற பட்டிமன்றமும் அப்போதுதான் நடக்கும்: பந்துவராளியா, பூர்விகல்யாணியா? பாட்டின் முதல் வரி வந்தால் தானே தெரிந்துவிடப் போகிறது. ஆலாபனையோ ஸ்வரமோ முடிந்ததும் கைதட்டலாம், தப்பில்லை. வயலினுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.

தாளம் போடுவதை யாரும் தடுக்கவில்லை. மடியில் சத்தமில்லாமல் போடுங்கள். மோதிர விரலால் நாற்காலிக் கைப்பிடியில் தட்டுகிறவருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் (அதுவும் அவர் தப்பாகப் போட்டால்) ஆதி தாளமே மறந்துவிடும். போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். பதிவு செய்யக்கூடாது என்பது தெரிந்தும், இருட்டில் அந்த வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டிக்கெட் விஷயத்தில் புதியவர்கள் செய்யும் தவறு வேறு. பிரபலமானவரின் மாலைக் கச்சேரிக்கு இடம் கிடைக்கவில்லை என்றதும் திட்டத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். மதியக் கச்சேரிகளுக்குப் பொதுவாக டிக்கெட்டே கிடையாது. இளைய வித்வான்கள் பலர் உயிரைக் கொடுத்துப் பாடுவது அந்த நேரத்தில்தான், அரங்கில் பாதி காலியாக இருக்கும், பிடித்த இடத்தில் உட்காரலாம். காலையில் விரிவுரை, செயல்விளக்கம் நடக்கும். அதை ‘லெக்-டெம்’ என்பார்கள். பண்டிதர்களுக்கு மட்டுமே என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டில் விதை விழுந்து, 1928-இல் தொடங்கிய சபை இது. கச்சேரி வைப்பதோடு சங்கீதத்தைப் பற்றி உட்கார்ந்து பேசவும் வேண்டும் என்பது அன்றைய எண்ணம். சொந்த அரங்கத்துக்கு 1955-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1962-இல் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் திறந்து வைத்தார். இன்றும் காலையில் பெரிய வித்வான்களே கீழே உட்கார்ந்து கேட்டு, கடைசியில் கேள்வி கேட்பதைப் பார்க்கலாம்.

தேதியையும் கவனியுங்கள். இசை விழா டிசம்பர் நடுவில் தொடங்கிப் புத்தாண்டன்று சதஸ் என்ற விருது வழங்கும் விழாவோடு முடியும். அதற்குப் பிறகு ஊரிலிருந்து வந்து இறங்கினால் அங்கே நடப்பது நாட்டிய விழா. அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் வந்தது அதற்கில்லையே.

கேன்டீனுக்கு இரண்டு கச்சேரிகளுக்கு நடுவில் போனால் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். கொஞ்சம் முன்னதாகவே வந்து சாப்பிட்டுவிட்டு அரங்குக்குள் போவது நல்லது. தோசைக்காகக் காத்திருந்து வர்ணத்தைக் கோட்டைவிட வேண்டியதில்லை. உள்ளே ஏசி குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும். காரில் வராமல் இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, கச்சேரியை முடித்துவைக்கும் மங்களம். தனிக்கு எழுந்த கூட்டம் திரும்பி வந்து துக்கடா என்ற சின்னப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, மங்களம் தொடங்கும்போது மறுபடி எழும். வெளியே போய் சீக்கிரம் வண்டி பிடிக்கலாம் என்ற கணக்கு. அந்த நேரத்தில் டிடிகே சாலையில் எந்த வண்டியும் நகராது, உட்கார்ந்து கேட்டுவிட்டே போகலாம்.