ஸ்பீக்கர் வயரில் ப்ளஸ் எது? ஒரு பென்சில் பேட்டரி போதும்

புது ஸ்டீரியோவை மாட்டும்போது ஸ்பீக்கர் வயரின் இரண்டு இழைகளும் ஒரே நிறத்தில் இருந்தால், ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளைக் கழற்றிவிட்டு, அவற்றைப் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் பெரிய கோன் (முன்னால் தெரியும், அசையும் வட்டப் பகுதி) வெளிப்பக்கம் தள்ளினால், பேட்டரியின் ப்ளஸ்ஸைத் தொட்ட இழைதான் ப்ளஸ். உள்ளே இழுத்தால் மற்றது. ப்ளஸ் இழையில் ஒரு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள், அதுதான் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனைக்குப் போகவேண்டியது.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? இரண்டில் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிப்போனால், ஒன்று காற்றை முன்னே தள்ளும் அதே நேரத்தில் மற்றது பின்னே இழுக்கும். 100 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த (பேஸ்) ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள தூரத்தைவிடப் பெரியது என்பதால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் பேஸ் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். நடுவில் கேட்கவேண்டிய பாடகர் குரலும் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. பல பேர் ஸ்பீக்கரே மட்டம் என்று நினைத்து, பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புவது இதனால்தான்.

ப்ளூடூத் ஸ்பீக்கர், சவுண்ட்பார் போல உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பவற்றில் இதைச் செய்யவே கூடாது. உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான தனி ட்வீட்டரிலும் வேண்டாம், அதன் அசைவு கண்ணுக்குத் தெரியாது. 9 வோல்ட் பேட்டரியும் வேண்டாம்.