கத்தரி, வெண்டை வாடாமல் சந்தைக்குப் போக

சித்திரை வெயிலில் கத்தரி, வெண்டையை விடியற்காலையிலேயே பறித்து, கூடைகளைப் புங்கமர நிழலில் வைத்து, நனைத்து நன்றாகப் பிழிந்த சணல் சாக்கை மேலே போர்த்திவிடுங்கள். இரவெல்லாம் செடி நீரை இழுத்திருப்பதால் விடியலில் காய் விறைப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். உச்சி வெயிலில் பறித்த காயோ நிழலுக்கு வந்த பிறகும் உள்சூடு தணியாமல் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். உழவர் சந்தையில் எடைதானே காசு! சாக்கிலுள்ள ஈரம் ஆவியாகும்போது கூடையும் குளிரும். ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது, வெண்டை கறுத்துவிடும். சின்ன வெங்காயத்துக்கு இது வேண்டவே வேண்டாம். அது உலர்வாகக் காற்றோட்டத்தில் கிடக்கட்டும். கடலோரப் புழுக்கத்தில் சாக்கு அவ்வளவாகக் குளிராது, அங்கே நிழல் மட்டும் போதும்.