அப்பத்தா பெட்டியில் இருக்கும் சிவப்புக்கல் இயற்கைக் கல்தானா? பார்ப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்த வீட்டில் பழைய அட்டிகையை எடுத்தாலும் "இது பர்மாச் சிவப்பு, ஐயா ரங்கூனில் இருந்தப்போ வாங்கினது" என்பார்கள். கதை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கல் பழசு என்பதாலேயே அது மண்ணில் விளைந்த கல் என்று முடிவுகட்டிவிட முடியாது. 1902-லேயே வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினா தூளைத் தீச்சுவாலையில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்துவிட்டார், நம் நகரத்தார்கள் பர்மாவில் கொடிகட்டிப் பறந்ததோ 1942-ல் ஜப்பான்காரன் வரும்வரை, ஆக இடைப்பட்ட காலத்தில் பர்மாவின் மோகோக் சுரங்கக் கல்லும் இப்படி வளர்த்த ஆலைக் கல்லும் சேர்ந்தேதான் சந்தையில் இருந்தன.

அதனால் முதல் வேலை, நகை எப்போது வந்தது என்று பார்ப்பது. கல்யாணச் சீரை எழுதி வைத்த முறைச்சிட்டை பத்திரமாக இருந்தால் எடுத்துப் படியுங்கள். 1902-க்கு முந்தைய நகை, கல்லும் பிறகு மாற்றப்படவில்லை என்றால் ஆலைக் கல்லாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கண்ணாடியாகவோ வேறு சிவப்புக் கல்லாகவோ இருக்கலாம், அது தனிக் கதை.

அப்புறம் நகையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தங்கத்தால் மூடியிருந்தால், கல்லுக்கு அடியில் மினுங்குகிற மெல்லிய தகடு வைத்திருக்கலாம். பாதி நிறம் அந்தத் தகட்டால் வருவது. இந்த நகையைத் தயவுசெய்து தண்ணீரில் போடாதீர்கள், ஈரம் உள்ளே இறங்கினால் தகடு கறுத்து, நல்ல கல்கூட செத்துப்போன மாதிரி தெரியும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பின்பக்கம் திறந்த கட்டு என்றால் வசதி. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளை அடியில் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, கல்லை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கிராமபோன் தட்டில் இருப்பதுபோல வளைந்த வரிகள் தெரிந்தால் அது சுவாலையில் வளர்ந்த கல். உருண்டைக் குமிழிகள் மட்டும் தெரிந்தால் அப்படிப்பட்ட கல்லாகவோ வெறும் கண்ணாடியாகவோ இருக்கலாம். இயற்கைக் கல்லில் நிறப்பட்டை நேர்க்கோடாக, கோணமாகத் திரும்பும், பட்டு நூல் மாதிரி நுண்ணிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சிலப்பதிகாரத்து மதுரை இரத்தினக் கடைத்தெருவில் வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று குற்றங்கள் சொல்வார்கள். குற்றம் தேடிய அதே கண்ணோடுதான் நாமும் பார்க்கிறோம், ஆனால் இன்று அந்தக் குற்றம்தான் கல்லுக்குச் சாட்சி.

கீறிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். இயற்கைக் கல், ஆலைக் கல் இரண்டுக்கும் மோஸ் அளவில் கடினத்தன்மை ஒன்பதுதான், ஒரே அளவுக் கல்லென்றால் எடையும் ஒன்றுதான், கீறி ஒன்றும் தெரியப்போவதில்லை. புற ஊதா டார்ச்சில் பர்மாக் கல் சிவப்பாக ஒளிரும் என்பது சரி, ஆனால் ஆலைக் கல் அதைவிடப் பளிச்சென்று ஒளிரும். அதை வைத்து, ஒளிராத வேறொரு சிவப்புக் கல்லான கார்னெட்டை ஒதுக்கலாம், அவ்வளவுதான்.

மாணிக்கம் மாதிரியே தெரிகிற ஸ்பினல் என்ற வேறு கல் என்று வந்தால் முகம் சுளிக்காதீர்கள். அதுவும் மோகோக் சரளையில் மாணிக்கத்தோடு சேர்ந்தே கிடைக்கிற இயற்கைக் கல்தான். பிரிட்டிஷ் மணிமுடியில் 'கறுப்பு இளவரசர் மாணிக்கம்' என்று பெயர் வாங்கி உட்கார்ந்திருப்பதே ஒரு ஸ்பினல்தான்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். இயற்கையா, சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா என்று மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆசாரியிடம் மாற்றிக் கட்டக் கொடுப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல் ஊதுகுழல் சூட்டையும் அமிலத்தையும் தாங்காது. கொடுக்கும்போது கல்லை எண்ணி, காரட் எடை போட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய தங்கக் கட்டையும் உருக்கவிடாமல் திருப்பிக் கேளுங்கள்.