குட்டி பைக்கைத் தெருவில் இறக்கும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து கொசுமருந்துப் புகை அடிக்கும் இயந்திரம் போல ஒரு சத்தம் வந்தது. மாநகராட்சி ஆட்கள்தான் வருகிறார்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினால் கண்மட்டத்தில் யாரும் இல்லை. கீழே, என் முழங்கால் உயரத்தில், பாக்கெட் பைக் என்று சொல்லப்படும் குட்டிப் பந்தய பைக் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன். அவனுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் அவனுடைய அப்பா, ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் செல்போனுமாக மகனைப் படம் எடுத்தபடி வந்தார்.

டீக்கடை ஓரம் நின்றபோது பேச்சுக் கொடுத்தேன். "லைசென்ஸ் எல்லாம் இதற்கு எதற்கு சார்? விளையாட்டு வண்டிதானே!" என்றார் அப்பா. நல்ல மனிதர்; முன்பின் தெரியாதவன் கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் மற்றத் தவறுகள் எல்லாம் முளைக்கின்றன.

வண்டி சிறியதா பெரியதா என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உயரத்தை வைத்து அளப்பதில்லை. இன்ஜினை வைத்துத்தான் அளக்கிறது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, இன்ஜின் 25 சி.சி.க்கு மிகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். பாக்கெட் பைக் என்று விற்கப்படுகிறவற்றில் பெரும்பாலும் இருப்பது 49 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கயிற்றை இழுத்துக் கிளப்புவதும் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவதும் விளையாட்டுச் சாமான் போலத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பைக்கின் தம்பிதான்.

"ஐம்பது சி.சி.க்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை" என்று சொல்வோர் நம் ஊரில் நிறைய. சட்டத்தில் 25 என்று ஓர் எண் உண்டு, 50 என்று இன்னோர் எண் உண்டு. தெருப்பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன. 25 என்பது மேலே சொன்ன வரையறை. 50 என்பது வயது பற்றியது: மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும் என்ற விதிக்கு விலக்காக, 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டியை 16 வயதில் ஓட்டலாம். அதற்கும் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் சம்மதம் வேண்டும், பழகுநர் உரிமம் வேண்டும், பிறகு லைசென்ஸும் வேண்டும். பத்து வயதுக்கு இந்தச் சட்டத்தில் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் பெரியவர்கள் டி.வி.எஸ். 50-ஐ இழுப்பார்கள். மதுரையில் அந்தப் பெயரைச் சொன்னால் எதிர்ப்பேச்சு இருக்காது என்ற தைரியம். ஆனால் பால் கேனும் கீரைக்கட்டும் சுமந்த அந்த வண்டிக்கு நம்பர் பிளேட் இருந்தது, விளக்கு இருந்தது, ஆர்.சி. புக் இருந்தது. தவிர, இன்று கடையில் நிற்கும் எக்ஸ்.எல். 100 பெயரிலேயே நூறு என்று சொல்லிவிடுகிறது. 16 வயதில் வாங்கிய 50 சி.சி. லைசென்ஸை வைத்துக்கொண்டு வீட்டு ஸ்கூட்டரை எடுத்துப் போகும் பிள்ளைகளும், பார்க்கப்போனால், லைசென்ஸ் இல்லாதவர்கள்தான்.

பேட்டரியில் ஓடும் குட்டி வண்டிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு விதிவிலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த ரகம் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் சான்று பெற்றிருக்க வேண்டும். "பேட்டரி வண்டி, அதனால் ஒன்றும் வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால், அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். பெட்டியின் மேல் 350 வாட், 500 வாட் என்று அச்சடித்திருந்தால் கேட்கவே தேவையில்லை, விதிவிலக்கு கிடையாது.

அடுத்தது, "முதலில் வாங்குவோம், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர் வாங்கிக்கொள்வோம்" என்ற கணக்கு. மதுரைக்கு டி.என். 58, 59, 64 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பதில் ஒன்றுதான். புது வண்டியைப் பதிவு செய்ய விற்பனைச் சான்றான படிவம் 21-ம், வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22-ம் வேண்டும். அந்தப் படிவத்தைத் தயாரிப்பாளர் தர வேண்டுமென்றால் அந்த மாடல் முன்பே புனே, நம் சென்னைக்குப் பக்கத்து ஒரகடம் போன்ற இடங்களில் உள்ள சோதனை மையம் ஒன்றில் தேறியிருக்க வேண்டும். பாக்கெட் பைக்கின் பில்லைத் திருப்பிப் பார்த்தால், பொதுச்சாலையில் ஓட்டுவதற்கு அல்ல என்ற வரி பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். பட்டறையில் கொடுத்து எல்.இ.டி. விளக்கும் கண்ணாடியும் ஹாரனும் மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. வீட்டில் தூங்கும் பழைய வண்டியின் எண்ணை எழுதி ஒட்டுவது அதைவிட மோசம். அபராதத்தோடு முடிய வேண்டியதை மோசடி வழக்காக்கிக்கொள்வது.

விளையாட்டு வண்டிக்கும் சாலை வண்டிக்கும் உள்ள இந்த வேறுபாடு குட்டி பைக்கைச் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. ஹோண்டாவின் புகழ்பெற்ற 'மங்கி' பைக்கின் மூதாதை 1961-இல் டோக்கியோ அருகே டாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதைச் சாலைக்கு அனுப்ப முடிவு செய்தபோது, சாலைக்கென்று தனியாக ஒரு வடிவம் செய்தார்கள்.

"எங்கள் தெருவுக்குள்தானே ஓட்டுகிறான், மெயின் ரோட்டுக்குப் போகமாட்டான்" என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். பொதுமக்களுக்கு நுழையும் உரிமை உள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடம். அது மறுமுனையில் வழி உள்ள சாலையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முட்டுச்சந்தும் அதில் அடங்கும், மாசி வீதியும் அடங்கும், தெப்பக்குளக் கரையும் அடங்கும். ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் கண்மாயைத் தனியிடம் என்று நினைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் வந்துபோகும் இடம் அது. தனியிடம் என்றால் சுவரோ வேலியோ உள்ள சொந்தத் தோப்பு, உரிமையாளர் அனுமதி தந்த மூடிய வளாகம் போன்றவை. அங்கே கொண்டுபோவதற்கும் ஓட்டிப் போகக் கூடாது. காரின் டிக்கியிலோ குட்டி யானையிலோ ஏற்றித்தான் போக வேண்டும். "பெட்ரோல் போட பங்க் வரைக்கும்தான்" என்ற இருநூறு மீட்டரும் பொதுச்சாலைதான்.

மாட்டினால் பையனைத் திட்டி அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இருப்பதிலேயே விலை கூடியது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 18 வயது ஆகாதவர் செய்யும் வாகனக் குற்றத்துக்குப் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. 199ஏ பிரிவு சொல்லும் தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, கூடவே 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வேலைக்குப் போகும் வயதில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பான், காரணம் பத்து வயதில் ஓட்டிய வண்டி. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்றோ, தடுக்க வேண்டியதை எல்லாம் செய்தேன் என்றோ பெற்றோர் நிரூபித்தால் தப்பலாம். பின்னாலேயே வந்து வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவர் அதை எப்படி நிரூபிப்பார் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஓட்டுபவர் வயது வந்தவராக இருந்தாலும் பட்டியல் நீளும். லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000, பதிவில்லாத வண்டிக்கு முதல் தடவை 2,000 முதல் 5,000 வரை, இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000, ஹெல்மெட் இல்லாததற்கு 1,000. ரிங் ரோட்டில் நண்பனோடு போட்டி போட்டால் அது தனிக்கணக்கு. போலீசார் வண்டியைப் பிடித்து வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. விடுவிக்கப் போனால் ஆர்.சி. கேட்பார்கள். இல்லாத ஆர்.சி.யை எங்கிருந்து கொண்டுவருவது?

இவை எல்லாம் சின்னத் தொகைகள். பெரிய தொகை விபத்தில்தான் வரும். பதிவு செய்யவே முடியாத வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க முடியாது. வீட்டுக் காருக்கு எடுத்த பாலிசி இதற்குப் பொருந்தாது. கூடையோடு தெருவைக் கடக்கும் பூக்காரம்மா மேல் மோதி இடுப்பெலும்பு முறிந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும். கைக்காசு போதாவிட்டால் நகை, நகை போதாவிட்டால் வீட்டுப் பத்திரம்.

ஓட்டும் பையனின் பக்கமும் இருக்கிறது. அந்த வண்டியின் சீட் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி. உட்கார்ந்திருக்கும் பையனின் தலை ஷேர் ஆட்டோக்காரரின் பக்கக் கண்ணாடிக்குக் கீழே போய்விடும். டவுன் பஸ் ஓட்டுநருக்கு, பஸ்ஸை ஒட்டிப் போகும் அவன் இருப்பதே தெரியாது. சக்கரம் முழுதாக ஒரு அடிகூட இல்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளத்தில் பெரிய பைக் குலுங்கிவிட்டுப் போகும், இது உள்ளே இறங்கி நின்றுவிடும், பையன் மட்டும் போய்க்கொண்டிருப்பான். இத்தனைக்கும் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய வண்டி. தோப்புக்குள் ஓட்டினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொப்பி உதவாது. சில வண்டிகளில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு இருக்கும். விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு இன்ஜினை அணைத்துவிடும். அழகுக்குத் தொங்குகிறது என்று நினைத்து அதைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெப்பக்குளத்தில் இதில் பாதியைத்தான் சொல்லி முடித்திருப்பேன். அப்பா டீயை வைத்துவிட்டு, "அப்படியானால் அழகர்கோயில் பக்கம் மச்சான் தோப்பில் ஓட்டச் சொல்கிறேன்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. வண்டியை அணைத்து, தூக்கி, ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் குறுக்காக வைத்தார். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் ஏறினான். இருவரும் கிளம்பிப் போனார்கள். இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.