முதல் கேமரா வாங்கப் போகிறீர்களா?

மெகாபிக்சலை விடுங்கள், 24 தாராளம். கடையில் கையில் வாங்கி, சுண்டுவிரல் பிடிக்குள் அடங்குகிறதா பாருங்கள். யானைமலை ஏறும்போது தோளில் தொங்கப்போவது அதுதான். நான் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) உள்ள மிரர்லெஸ், அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராதான் சொல்வேன். அதைவிடப் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) எப்படியோ வாங்கிவிடலாம், அப்புறம் லென்ஸ் விலை கேட்டால் தலை சுற்றும்.

மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள். மதுரை சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவது விடியற்காலையில், வெளிச்சம் குறைவு. கேமராவோடு வரும் கிட் லென்ஸை 55 மி.மீ. வரை ஜூம் செய்தால் திறப்பு எஃப் 5.6தான் (இந்த எண் கூடினால் ஒளி குறையும்), ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறன் அளவு எகிறி, படம் புள்ளி புள்ளியாக வரும். எஃப் 1.8 திறக்கும் 35 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி வாங்கும். அதில் ஜூம் இல்லாததால் தூரத்துக் குதிரை வாகனம் சிறிதாகத்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவர் முகம் பளிச்சென்று விழும். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் உங்கள் கேமராவுக்காக ஒதுங்க மாட்டார்கள். உறை ஒன்றும், உபரி பேட்டரியும் அவசியம்.